கழித்துப் பார்த்த வெற்றிகள்

கிழவன் செத்துப்போன செய்தி நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று நீங்கள் எல்லோரும் எப்படி உருகினீர்கள் என்று பார்த்தேன். நியூ ஜெர்சியில், எடிசனில் நாம் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்துப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஓக் ட்ரீ ரோட்டில் ஒற்றைக் கடையாக இருந்த மளிகைக்கடை, பெல்பாட்டம் போட்ட அப்பாக்கள், கம்பி வேலிக்குப் பின்னால் சேறு அப்பிய கிழவனின் அந்தக் கறுப்புக் கார். பத்து நிமிடத்தில் சண்டை தொடங்கிவிட்டது. நம் பக்கத்து மண் ஓட்டப்பாதையில், ஸ்டாக் கார் பந்தயத்தில், வாழ்நாள் கணக்கில் அதிகம் ஜெயித்தவன் கிழவனா, அவனுக்குப் பின்னால் வந்த பொடிப்பயலா? ஹூஸ்டன் டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். பார்சிப்பனி வக்கீல் அதை மறுத்தார். தகுதிச் சுற்றில் ஜெயித்ததைச் சேர்க்கலாமா, வெளியூர்ப் பந்தயங்களைச் சேர்க்கலாமா என்று ஐம்பதைத் தாண்டிய ஆட்கள் குழாயடிச் சண்டை போட்டீர்கள்.

நான் இங்கே கலிஃபோர்னியாவில், டப்ளினில், அடுப்பில் தோசையைக் கருகவிட்டு எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்காது. 'அதெல்லாம் பொற்காலம்' என்று ஒருவர் போட்டார், அதற்கு ஆளாளுக்கு இதயம் போட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவன் ஜெயித்ததையும் தோற்றதையும் உங்களில் யாரைவிடவும் கவனமாகப் பார்த்தவள் நான். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மெட்ராஸிலிருந்து வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் அண்ணனான பெரியப்பாதான் எங்களுக்கு ஸ்பான்சர் பண்ணியவர். அவருடைய வீட்டின் பேஸ்மென்ட்டில் அப்பா, அம்மா, நான். மேலே பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே பிள்ளை. அவனுக்குப் பதினைந்து வயது. நான் அவனை அண்ணா என்று கூப்பிட்டேன். ஒருநாள் பள்ளிக்கூடத் தோழியிடம் போனில் அவனைக் 'கஸின்' என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா என்னைச் சமையலறையில் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

“கஸின் கிஸின்லாம் இங்க இருக்கறவங்களுக்கு. நமக்குக் கிடையாது. அவன் உனக்கு பிரதர். அவரும் அங்கிள் இல்ல. அங்கிள்னா கடைக்காரரு, எதிர்வீட்டுக்காரரு. இவரு உனக்கு அப்பாவுக்கும் மேல. புரிஞ்சுதா?”

புரிந்தது. அந்த ஆறு மாதத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட எல்லாவற்றிலும் அதுதான் நன்றாகப் புரிந்தது.

பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூபர்வைசர். குள்ளம், கழுத்தே இல்லாத கட்டை உடம்பு, சின்னக் கைகள். அந்தச் சின்னக் கைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்பா ஆறடிக்கு மேல் உயரம், ஒடிந்துவிடுவதைப்போல ஒல்லி, குரலே வராது. தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள்தான் பெரியப்பாவை முதன்முதலில் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார்களாம். அங்கே யாரும் அவருடைய இங்கிலீஷைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. கார்களின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கையைத் தூக்கிக் கத்தினால் போதும். அந்த மனிதர் அமெரிக்காவில் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுகிறதே தவிர, இரக்கம் வரவில்லை.

ஏப்ரலில் பந்தயம் தொடங்கினால் ஞாயிறு மதியம் மொத்தக் குடும்பமும் போயாக வேண்டும். பெரியம்மா புளிசாதத்தையும் வறுத்த உருளைக்கிழங்கையும் அலுமினியத் தாளில் பொதிந்து எடுத்து வருவாள். விளக்குத் திரி திரிக்கும் பஞ்சைப் பிய்த்து உருட்டி எங்கள் காதுகளில் அடைப்பாள். பலகைப் படிகளில் உட்கார மஞ்சள் ரெக்ஸின் மெத்தைகள் இருந்தன, பெரியப்பா வேலை செய்த இடத்தில் கழித்துப் போட்டவை. கார்கள் வளைவில் திரும்பும்போது மண்கட்டிகள் வேலியைத் தாண்டி வந்து விழும். சட்டைக்குள், முடிக்குள், புளிசாதத்துக்குள் மண். பெட்ரோலும் தீய்ந்த ரப்பரும் பியரும் கலந்த வாசனை திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் என் பின்னலில் இருக்கும். பார்ப்பதற்கு ரோட்டில் ஓடும் சாதாரணக் கார்களைப் போலத்தான் இருக்கும் அவை. உள்ளே ஓட்டுகிறவனைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு. அது எதற்கு என்று முதல் வாரமே தெரிந்துகொண்டேன். ஒரு கார் சுவரில் ஏறி, புரண்டு, மூன்றாவது புரளலில் கதவு தனியாகப் பறந்தது. ஓட்டுநரை வெளியே இழுத்தபோது அவருடைய கையுறைக்குள் விரல்கள் தப்பான பக்கம் மடங்கியிருந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெரியப்பாவும்தான்.

கிழவன் அப்படி யாரையாவது சுவரில் ஏற்றாமல் ஜெயித்த நாட்கள் குறைவு. அதுதான் அவனுடைய பெருமையாக இருந்தது. கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவனின் பின்பக்க மூலையில் தன் காரின் மூக்கைக் கொடுத்து ஒரு தட்டு. அவன் சுழன்று போவான், இவன் ஒதுங்கிப் போவான். அவனைவிட வயதில் பாதிகூட இல்லாத பொடிப்பயல் யாரையும் தொடமாட்டான், சந்து கிடைத்தால் நுழைவான். அந்தப் பருவத்தில் இருவருடைய வெற்றிகளுக்கும் நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசம்தான் இருந்தது. வாராவாரம் அது தேய்ந்துகொண்டு வந்தது.

எங்கள் வீட்டுச் சோற்றில் மண் விழுந்தது அங்கேதான். ஒரு ஞாயிறு மாலை காப்பி குடித்துக்கொண்டே பெரியப்பா கிழவனின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

“அதுல இடிச்சு ஜெயிச்சதைக் கழிச்சுடுங்க டாட். கழிச்சுப் பாத்தா அவன் இவனைவிட ரொம்பக் கம்மி.”

“எதைடா கழிக்கணும்?”

“தட்டிவிட்டு ஜெயிச்சா அது வின் இல்ல. தட்ஸ் ஜஸ்ட் ஹிட்டிங் சம்படி.”

பெரியப்பா காப்பி டம்ளரை மேஜைமேல் மெதுவாக வைத்தார். பிறகு அண்ணாவின் காலரைப் பிடித்துக் கராஜுக்கு இழுத்துப்போனார். கதவு மூடியது. பெல்ட் காற்றில் வரும் சத்தத்துக்கும் உடம்பில் விழும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் நாம் மூச்சை இழுத்துக்கொள்வோம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வீடு. பெரியம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள். அப்பா பேஸ்மென்ட் படியில் ஏறி வந்து கராஜ் கதவைத் திறந்துகொண்டு நின்றார். “அண்ணா, போதும்ணா” என்றார். அவ்வளவுதான் செய்தார். ஆனாலும் அவர் அங்கே நின்றால் பெரியப்பாவின் கை இரண்டு அடியோடு ஓயும்.

அன்றிலிருந்து சட்டம் எழுதாமலே அமலுக்கு வந்துவிட்டது. கிழவன் ஜெயித்தால் வீட்டில் கேசரி. பொடிப்பயல் ஜெயித்தால் திரும்பும் வழியில் காரில் யாரும் பேசமாட்டார்கள், வீடு வந்ததும் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். கழற்றிப் போட்ட ஷூ, மூடாத பால் பாட்டில், ஒரு பார்வை. காரணம் கிடைக்காவிட்டால் அண்ணாவே கொடுப்பான். “கழிச்சுப் பாருங்க” என்பான். அவனுக்கு என்ன அப்படி ஒரு வீம்பு என்று நான் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு காலையில் சாமி அலமாரிக்கு முன்னால் நின்று, அந்தக் கறுப்புக் காரில் இருக்கும் கொடூரன் இன்றைக்கும் யாரையாவது இடித்து ஜெயித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். யாருடைய விரல்கள் மடங்கினாலும் பரவாயில்லை, அண்ணாவின் முதுகு தப்ப வேண்டும். உங்கள் பொற்காலத்தில் என்னுடைய பிரார்த்தனை அது.

பள்ளிக்கூடம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், உடற்பயிற்சி வகுப்பில் அண்ணாவின் முதுகை ஆசிரியர் பார்த்துவிட்டார். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று அவன் சாதித்திருக்கிறான். ஆசிரியர் நம்பவில்லை; குழந்தைகள் நலம் பார்க்கும் கவுன்ட்டி அலுவலகத்து அம்மாள் ஒருவர் என்னுடைய பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நல்ல பெண்மணி. வண்ணப் பென்சில்கள் கொடுத்தார், முட்டிபோட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டார். உன் அண்ணனை வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. பெரியம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். “மை பிக் ஃபாதர்” என்றேன்.

அந்த அம்மாளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அப்பா என்கிறாள், உருவத்தில் பெரியவர் என்கிறாள், பயந்துபோயிருக்கிறாள். தமிழ் தெரியாத யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இதில் என்மேல் தப்பு என்று உருக நான் தயாராக இல்லை. ஒரு பத்து வயதுப் பெண் சரியான வார்த்தையைத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாளும் ஒரு போலீஸ்காரரும் வாசலில் நின்றார்கள். கூடத்தில் எல்லோரும் இருந்தோம். போலீஸ்காரர் நேராக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். வீட்டிலேயே பெரிய உருவம் அவர்தானே. இந்தப் பெண்ணின் தகப்பன் நீதானா என்றார். ஆமாம் என்றார் அப்பா. இந்தப் பையனை அடித்தது நீதானா?

அப்பா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணா “நோ, நோ, ஹி டிட்ன்ட்” என்று தொடங்கினான். அப்பா தமிழில், “நீ சும்மா இரு” என்றார். பிறகு போலீஸ்காரரிடம், “எஸ்” என்றார்.

அவருடைய கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு போட்டார்கள். கார்க் கதவு உயரத்துக்கு அவரைக் குனியவைக்கத் தலையைப் பிடித்து அழுத்தினார்கள். அழுத்தியதில் மூக்குக் கண்ணாடி விழுந்தது. யாரோ மிதித்தார்கள்.

மறுநாள் விட்டுவிட்டார்கள். ஆனால் வழக்கு முடியும்வரை அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கக் கூடாது. பார்சிப்பனியில் அவருடைய ஆபீசுக்குப் பக்கத்தில், கூட வேலை செய்தவரின் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். அம்மா பேஸ்மென்ட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவாள். ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டால் அப்பாவின் குரலும் எனக்குக் கேட்கும்.

“எங்க அண்ணா மேல கேஸ் வந்தா வேலை போயிடும்டி. எனக்குன்னா வார்னிங்கோட போயிடும்னு லாயர் சொல்றாரு. அவர் ஸ்பான்சர் பண்ணலேன்னா நாம இங்க ஏது?”

“நீங்க தியாகி ஆயிட்டீங்க. சந்தோஷம். அடி அவன்தானே வாங்கறான்.”

  பல வருடம் கழித்து அப்பா இறந்தபோது சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும், தம்பின்னா இப்படி இருக்கணும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். கையை உருவிக்கொண்டேன். சட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்து, அடிக்கிறவரை விட்டுவிட்டு, கதவில் நின்று போதும் என்று சொன்ன ஒரே ஆளை வெளியேற்றியது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு கூடப் போனார்.

அந்தக் கோடையில் பெல்ட் போய், கராஜில் ஆணியில் தொங்கிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வந்தது. பெரியப்பாவுக்குப் பயம். வீட்டைப் பார்த்து ஒரு போலீஸ் கார் மெதுவாகப் போனாலும் திரையை இழுத்துவிடுவார். பயந்த மனிதன் இன்னும் பலமாக அடிக்கிறான். இப்போது சட்டைக்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடித்தார். ஒருநாள் அம்மா நடுவில் போய் நின்றாள். அவளைத் தள்ளியதில் வாஷிங் மெஷின் மூலையில் இடித்துப் புருவம் கிழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி போய் நின்றாள். அன்றைக்கு நின்றுபோனது, அடுத்த வாரம் அவள் கடைக்குப் போன நேரத்தில் நடந்தது. அண்ணா கத்தமாட்டான். உதட்டைக் கடித்துக்கொள்வான், பிறகு குழாயடியில் நின்று ரத்தத்தைத் துப்புவான்.

செப்டம்பரில் கடைசிப் பந்தயம். பொடிப்பயல் அன்று ஜெயித்தால் கிழவனைத் தாண்டிவிடுவான். நான் படியில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். பாதிக்கு மேல் பொடிப்பயல்தான் முன்னால். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் கிழவன் எப்போதும்போல மூலையில் தட்டவில்லை. நேராக ஓட்டுநர் பக்கக் கதவிலேயே இடித்தான். பொடிப்பயலின் வெள்ளைக் கார் சுவரில் ஏறி, கவிழ்ந்து, கூரை மண்ணில் உரசிக்கொண்டு வந்து எங்களுக்கு எதிரிலேயே நின்றது. அடியிலிருந்து தீ வந்தது. ஆட்கள் ஓடினார்கள். அவனை ஜன்னல் வழியாக இழுத்தபோது ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தன்னிஷ்டத்துக்குத் தொங்கியது. அவன் கத்தியது காதில் வைத்திருந்த பஞ்சைத் தாண்டிக் கேட்டது. கிழவன் கொடியைத் தாண்டிப் போய், கையை வெளியே நீட்டி ஆட்டினான்.

கூட்டத்தில் பாதி திட்டியது, பாதி ஆர்ப்பரித்தது. பெரியப்பா மெத்தையைத் தூக்கி வானத்தில் எறிந்தார்.  கிழவன் ஜெயித்துவிட்டான், இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன்.

பார்க்கிங் மைதானத்தில் பெரியப்பா அண்ணாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அவ்வளவு அன்பாக அவர் அவனைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

“பாத்தியாடா கிழவனை? இப்பக் கணக்கைச் சொல்லு. வாயைத் திறந்து சொல்லு.”

அண்ணா நின்றான். அவன் அழுதுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“இதையும் கழிச்சுக்கறேன்” என்றான்.

ஒரே அறை. அந்தச் சின்னக் கை முழுவதுமாக விரிந்து அவனுடைய இடது காதில் விழுந்தது. அவன் காரின்மேல் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தான். காதிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாகக் கழுத்துக்குள் இறங்கியது. பெரியப்பா மறுபடி காலைத் தூக்கினார். இந்த முறை கதவு மூடிய கராஜ் இல்லை. பக்கத்துக் காரில் சாய்ந்து பியர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக் கொண்டார்கள். மைதானத்து வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடிவந்தார்.

இந்த ஆள் உனக்கு என்ன வேண்டும் என்று அண்ணாவிடம் கேட்டார். “மை ஃபாதர்” என்றான் அண்ணா. “தி ஒன்லி ஒன் ஐ ஹேவ்.” பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். உனக்கு?

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பார்த்தாள். நான் சத்தமாகச் சொன்னேன். “அங்கிள்.”

அதுவரை பிடித்தவர்களை உதறிக் கத்திக்கொண்டிருந்த பெரியப்பா நிறுத்திவிட்டார். “அங்கிளா?” என்று என்னிடம் தமிழில் கேட்டார். விலங்கு போட்டபோதும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்த போனிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, தானாகவே சேர்ந்துவிடும் என்றார்கள். பெரியப்பா அதற்குப் பிறகு அந்த வீட்டில் வசிக்கவில்லை. மெட்ராஸ் சொந்தங்கள் அப்பாவைக் காறித் துப்பின. கூட்டிவந்த அண்ணனையே உள்ளே தள்ளிவிட்டான் என்று கடிதம் போட்டார்கள். அண்ணா வலி போய்விட்டது என்றான், பஞ்சை எடுத்துப் போட்டான், யார் கேட்டாலும் “ஐ ஆம் ஃபைன்” என்றான். எல்லோரும் நம்பினோம். ஆனால் போன் வந்தால் அவன் ரிசீவரை இடது காதில் வைத்து, ஒரு கணம் நின்று, சத்தமில்லாமல் வலது காதுக்கு மாற்றிக்கொள்வதை நான் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினான்.

அக்டோபரில் ஒருநாள் கோர்ட்டில் அப்பாவின் பேரிலிருந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். சாட்சி சொல்ல அண்ணா வந்திருந்தான், நானும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது நான் பின் ஸீட்டில். அண்ணா முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில். இந்த ஊரில் ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருகிறார், பக்கத்தில் இருப்பவனின் இடது காதுதான் அவருக்குக் கிடைக்கும். மரங்களெல்லாம் சிவந்திருந்தன. அண்ணா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

 வெகுதூரம் போன பிறகு அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த வராத குரலில் சொன்னார்.

“மன்னிச்சுடுடா கண்ணா. உன்னை விட்டுட்டு நான் அவரைக் காப்பாத்தினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

எங்கள் குடும்பத்து ஆண் ஒருவர் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அண்ணா அசையவில்லை. வெளியே பார்த்தபடியே இருந்தான். அப்பா காத்திருந்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். யாரோ பார்ப்பது தெரிந்து அவனும் முழுசாகத் திரும்பினான்.

“சித்தப்பா, ஏதாச்சும் சொன்னீங்களா?”

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

“ஒண்ணுமில்லடா” என்றார் அப்பா. “கண்ணாடியை ஏத்திக்கோ. காத்து அடிக்குது.”

அண்ணா கண்ணாடியை ஏற்றினான்.